அப்பாவும் நாற்பத்தேழாம் நம்பர் எஞ்சினும்

அப்பாவை எடுத்த அன்று யார் யார் வந்திருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வடகரப்பதியிலிருந்து அம்மாவின் தம்பிமார் இருவரும் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். அக்காவும் அக்கா வீட்டுக்காரரும் கோயமுத்தூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து சேர்ந்தார்கள். ஒலவக்கோடு ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்களோடு குடியிருந்தவர்கள் ஏறக்குறைய எல்லோரும் இருந்தார்கள். அப்பாவிடம் பல ஆண்டுகள் டீசல் அசிஸ்டெண்டாக வேலை பார்த்த உண்ணியேட்டன், இரவு முழுக்க வண்டி ஓட்டிவிட்டு, காக்கி உடுப்பைக்கூட மாற்றாமல் வந்து பாடைக்குத் தோள் கொடுத்தார்.

வராதவர் ஒருவர்தான். அப்பாவின் ஒரே அண்ணன், எங்கள் பெரியப்பா. அவர் வீடு கஞ்சிக்கோட்டுக்குக் கிழக்கே, பஸ்ஸில் போனால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. காலையில் ஓர் ஆளை அனுப்பினோம். மத்தியானம் மாமாவே சைக்கிளில் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். வெயில் தாழும்வரை உடலை வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் பெரிய மாமாதான், "இனி வெச்சிருக்கறது நல்லாருக்காதுங்க. எடுத்தரலாம்" என்றார். எடுத்தோம்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படிப்பை முடித்த முதல் ஆள் நான் என்பதால் வருஷத் திதிக்குப் போடும் இந்த நினைவு மலரில் இதை எழுதும் பொறுப்பை என்னிடம் விட்டிருக்கிறார்கள். எழுத்தில் குறை இருந்தால் உறவினர்களும் நண்பர்களும் பொறுத்தருள வேண்டும். அப்பாவின் கதையை எழுத உட்கார்ந்தால் ஓர் எஞ்சினின் கதையும் கூடவே வருகிறது. அதை விட்டுவிட்டு எழுத எனக்குத் தெரியவில்லை.

அப்பா பிறந்தது கஞ்சிக்கோட்டுக்கும் வாளையாருக்கும் நடுவே, ரயில் பாதையை ஒட்டிய தோட்டத்தில். வேலிக்கு அந்தப் பக்கம் தண்டவாளம், இந்தப் பக்கம் கடலைக்காடு. ஆண் பிள்ளைகள் இருவர், அப்பா இளையவர். மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றது. மழை பொய்த்த ஒரு வருஷம், கிணற்றில் வாளி தரை தட்டியபோது, அப்பா வீட்டில் சொல்லாமல் ஒலவக்கோட்டுக்கு நடந்துபோய் எஞ்சின் துடைக்கும் வேலையில் சேர்ந்தார். பெரியப்பாவுக்கு அது பெரிய மனத்தாங்கல். "மண்ண உட்டுட்டுக் கரியள்ளப் போறவன் இந்த ஊட்டு ஆளில்ல" என்று ஒரு வருஷம் பேசவில்லையாம். பிறகு ஒரு பொங்கல் நோம்பிக்கு அப்பா வேட்டி எடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்ததும் எல்லாம் சரியாகிவிட்டது. அந்த நாளில் அவர்கள் சண்டைகள் அப்படித்தான் முடியும்.

துடைப்பவராக இருந்து ஃபயர்மேன் ஆகி, கரி எஞ்சினின் நெருப்பு முன்னால் பத்துப் பன்னிரண்டு வருஷம் நின்று, பிறகு டிரைவர் ஆனார். அறுபதுகளின் நடுவில் எங்கள் பக்கத்துக்கு டீசல் எஞ்சின்கள் வந்தன. பயிற்சிக்குத் தேர்ந்தெடுத்தவர்களில் மிகக் குறைவாகப் படித்தவர் அப்பாதான். பாடப் புத்தகத்தை உண்ணியேட்டன் படித்துக் காட்ட, அப்பா கேட்டே மனப்பாடம் செய்து தேறினார். அவருக்கு முதலில் கொடுத்த எஞ்சினின் எண்ணில் கடைசி இரண்டு இலக்கம் நாற்பத்தேழு. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அதற்கு வேறு பெயர் கிடையாது.

நாற்பத்தேழு வந்ததும் அம்மாவுக்குத் துணி துவைக்கும் வேலை பாதியாகக் குறைந்தது. அதுவரை அப்பாவின் சட்டையை ஊறவைத்தால் வாளித் தண்ணீர் மையாகிவிடும். "இந்த மகராசிய முன்னாலயே கூட்டியாந்திருக்கக் கூடாதுங்களா?" என்று அம்மா கேட்டதை அக்கா இப்போதும் சொல்லிச் சிரிப்பாள். பெரியப்பா முதல்முறை அதைப் பார்த்துவிட்டு, "பொகையில்ல, நெருப்பில்ல. எரும மாதிரி உறுமிட்டுப் போவுது. இதுக்கு என்னத்துக்குடா ரெண்டு ஆளு?" என்றாராம். அப்பா, "ஒருத்தன் ஓட்டறதுக்கு, இன்னொருத்தன் உங்கள மாதிரி ஆளுகளுக்குப் பதில் சொல்றதுக்கு" என்று சொல்ல, பெரியப்பா வெற்றிலை எச்சில் தெறிக்கச் சிரித்தாராம்.

ஒலவக்கோட்டிலிருந்து ஈரோடு வரை போகும் பாசஞ்சரில்தான் அந்த எஞ்சின் பெரும்பாலும் ஓடியது. நிற்காத இடமில்லை. பால்காரர்கள், கோர்ட்டுக்குப் போகிறவர்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், மில்லுக்குப் போகும் பெண்கள் எல்லாருக்கும் அதுதான் வண்டி. எக்ஸ்பிரஸ் ஓட்ட ஆசையில்லையா என்று ஒருமுறை கேட்டேன். "அதுல யாரு ஏறறா, யாரு எறங்கறான்னே தெரியாது கண்ணு. இதுல எல்லாத்தையும் மூஞ்சி பாத்துத் தெரியும்" என்றார்.

அந்த எஞ்சினுக்கு ஒரு குறை இருந்தது. கஞ்சிக்கோட்டைத் தாண்டினால் வாளையார் வரை பாதை மேட்டில் ஏறும். ஏற்றத்தில் சக்கரம் வழுக்காமலிருக்க எஞ்சினே குழாய் வழியாகத் தண்டவாளத்தில் மணல் தூவும். நாற்பத்தேழின் மணல் குழாய்கள் அடிக்கடி அடைத்துக்கொள்ளும். ஓடிக்கொண்டிருக்கும்வரை ஒன்றுமில்லை. மேட்டில் ஒருமுறை நின்றுவிட்டால் சக்கரம் இருந்த இடத்திலேயே சுற்றும். யாராவது கீழே இறங்கி டின்னில் மணலை அள்ளிச் சக்கரத்தின் முன்னால் கையால் போட வேண்டும். எஞ்சின்களைப் பழுது பார்க்கும் ஷெட்டில் எத்தனையோ முறை சொல்லியும் அந்தக் குறை முழுக்கத் தீரவில்லை. 'நாப்பத்தேழ மேட்டுல நிறுத்தாதே' என்பது எல்லா டிரைவர்களுக்கும் தெரிந்த பாடம்.

அந்த மேட்டில்தான் எங்கள் தோட்டம் இருக்கிறது.

தோட்டத்துக்கு முன்னால் ஒரு ரயில்வே கேட் உண்டு. கேட்டுக்காக எல்லா டிரைவரும் ஒரு நீண்ட ஹாரன் அடிப்பார்கள். அப்பா அதோடு சேர்த்து இரண்டு குட்டி ஹாரன் அடிப்பார். அதைக் கேட்டதும் அப்பாவின் தாயார் எந்த வேலையில் இருந்தாலும் வேலிக்கு வந்து, கண்மேல் கையை வைத்துப் பார்ப்பார். எஞ்சினிலிருந்து அப்பா தலையை ஆட்டுவார். அவ்வளவுதான். வண்டி ஒருநாளும் அங்கே நின்றதில்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில், ஒரு சித்திரை மாதக் காலையில், அப்பாவின் தாயார் இறந்துபோனார். தாய்க்குக் கொள்ளி வைக்க வேண்டியவன் இளைய மகன். ஆகவே அப்பா வந்தாக வேண்டும். பெரியப்பா கஞ்சிக்கோடு ஸ்டேஷனுக்கு ஆளை விரட்டினார். அதற்குள் அப்பாவின் பாசஞ்சர் ஒலவக்கோட்டை விட்டுக் கிளம்பிவிட்டது. கஞ்சிக்கோட்டில் வண்டி நின்றபோது ஸ்டேஷன் மாஸ்டரே எஞ்சினடிக்கு வந்து விஷயத்தைச் சொன்னார். மாற்று டிரைவர் போத்தனூரில்தான் கிடைப்பார் என்பதையும் அவரே சொன்னார். அப்பா வண்டியை எடுத்தார்.

போத்தனூரில் வண்டியை ஒப்படைத்துவிட்டு, கிடைத்த சரக்கு வண்டியில் கார்டு பெட்டியில் ஏறி அப்பா திரும்பி வந்தபோது இருட்டிவிட்டது. பொழுது சாய்ந்த பின் எரிக்கக் கூடாது என்று பெரியப்பாவே கொள்ளி வைத்துவிட்டிருந்தார். அப்பா வாசலில் கால் வைத்ததும் பெரியப்பா எல்லார் முன்னாலும் சொன்னாராம்:

"எஞ்சினு பெத்தெடுத்த மகனுக்கு எங்காத்தா கொள்ளியில என்ன வேல? போ. உன்ற வண்டிகிட்டயே போ."

அப்பா காரியம் முடியும்வரை வெளியிலேயே உட்கார்ந்திருந்துவிட்டு வந்தார். அண்ணன் தம்பி இருவரும் அதற்குப் பிறகு பேசிக்கொள்ளவே இல்லை. என் அக்கா கல்யாணத்துக்குப் பெரியப்பா வரவில்லை. அவர் பேரனுக்குக் காது குத்தியபோது எங்களுக்குச் சொல்லவில்லை. அந்தக் கேட்டைத் தாண்டும்போது அப்பா விதிப்படி ஒரு ஹாரன் மட்டும் அடித்தார். இரண்டு குட்டி ஹாரன் அதன் பிறகு எப்போதும் கேட்கவில்லை.

எங்களுக்குத் தெரிந்தது இவ்வளவுதான். மீதியை அப்பாவை எரித்துவிட்டு வந்த மாலையில், பந்தலில் உட்கார்ந்து உண்ணியேட்டன் சொன்னார். "மோனே, அன்னிக்கு வண்டி நின்னது உங்களுக்குத் தெரியுமா?" என்று அவர் கேட்டபோது அம்மாவே தலையைத் தூக்கிப் பார்த்தார்.

உண்ணியேட்டன் சொன்னதை அவர் வாயாலேயே எழுதுகிறேன். அவர் 'அண்ணன்' என்பது அப்பாவை, 'ஏட்டன்' என்பது பெரியப்பாவை.

"கஞ்சிக்கோடு விட்டதும் அண்ணன் தண்டவாளத்தையே பார்த்து ஓட்டினார். முகத்துல ஒரு மாற்றமும் இல்லை. கேட் வந்தது. நீட்டி ஒரு ஹாரன். அப்பறம் கை தன்னாலே ரெண்டு குட்டி ஹாரன் அடிச்சுடுச்சு. அடிச்ச பின்னாலதான் அந்தக் கையைப் பார்த்தார். 'உண்ணி, யாருக்கடா அடிச்சேன்?'னு கேட்டார். கேட்டுக்கிட்டே பிரேக் போட்டுட்டார். நாப்பத்தேழு, அந்த மேட்டுல! நான் விளிச்சேன், 'அண்ணே, நிறுத்தாதீங்க!'ன்னு. நின்னுடுச்சு."

உண்ணியேட்டன் தொடர்ந்தார்.

"வேலிக்கு அந்தப் பக்கம் பந்தல் தெரியுது. ஆளுங்க தெரியறாங்க. வேலியில அம்மா எப்பவும் நிக்கற இடத்துல அவர் ஏட்டன் நிக்கறார். நான் சொன்னேன், 'ஓடிப்போய் ஒரு தரம் கண்டுட்டு வாங்க.' அவர் சொன்னார், 'நா எறங்குனா வண்டிய யாருடா புடிக்கறது? அத்தன ஜனம் உக்காந்திருக்குது. அண்ணன் ஒரு வார்த்த சொல்லட்டும், சாயந்தரம் வரைக்கும் வெச்சிருக்கறோம்னு. அது போதும். நா திரும்பி வந்தர்றேன்.' அங்கேயே பார்த்துட்டு நின்னார். எடுக்கலாம்னா சக்கரம் சுத்துது. நான் டின்னை எடுத்துட்டுக் கீழே குதிச்சேன். மணல் போடறேன், வழுக்குது. பின்னேயும் போடறேன். அவ்வளவு நேரம் நின்னது மோனே. அண்ணன் ஒரு கை லீவர்ல, ஒரு கை கதவுல. அவர் ஏட்டன் வேலியில. ரெண்டு பேரும் அசையலை."

வண்டி நின்றதற்குக் காரணம் எழுதிக் கேட்டார்கள். எருமை குறுக்கே வந்தது என்று எழுதிவிடும்படி உண்ணியேட்டன் கெஞ்சினார். எல்லா டிரைவர்களும் எழுதுவது அதைத்தான்; யாரும் எருமையைத் தேடிப்போய் விசாரிப்பதில்லை. அப்பா, "எங்காத்தா செத்த அன்னைக்கு வாயில்லாத சீவன் மேல பழி போடச் சொல்றியா?" என்று கேட்டு, சொந்தக் காரியமாக நிறுத்தினேன் என்றே சொல்லிவிட்டார். சிக்னல் இல்லாத இடத்தில் வண்டியை நிறுத்தியதற்கு ஓர் ஆண்டு ஊதிய உயர்வு வெட்டப்பட்டது. அது ஓய்வு பெறும்வரை சம்பளத்தில் சேரவே சேராது. அம்மாவுக்குத் தெரிந்ததெல்லாம் அந்த வருஷம் சம்பளம் ஏறவில்லை என்பது மட்டும்தான். ஏன் என்று கேட்டதற்கு, "எல்லாத்துக்கும் ஏறுமா? எனக்கு அடுத்த வருசம்" என்று சொல்லியிருக்கிறார். அதையும் அம்மா நம்பியிருக்கிறார்.

நாற்பத்தேழு அதன் பிறகு சில வருஷம் ஓடியது. ஒரு கோடையில் வாளையார் காட்டுக்குள் வேறொரு டிரைவர் ஓட்டிப் போகும்போது ஜெனரேட்டரில் தீப்பிடித்தது. யாருக்கும் காயமில்லை. ஆனால் உள்ளே எரிந்துபோனதைச் சரிசெய்வதைவிடப் புதிது வாங்கலாம் என்று கணக்குப் பார்த்து எஞ்சினை ஒதுக்கிவிட்டார்கள். உடைக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்ட அன்று அப்பா இரவுச் சாப்பாட்டைத் தொடவில்லை. நல்லவேளையாக ரயில்வே பயிற்சிப் பள்ளியில் பாடம் நடத்துவதற்கு ஓர் எஞ்சின் வேண்டுமென்று கேட்டு வாங்கிக்கொண்டார்கள். ஒரு பக்கத்துத் தகடுகளைக் கழற்றி உள்ளே இருப்பது தெரியும்படி செய்து, புது வண்ணம் அடித்து, பள்ளி முன்னால் துண்டுத் தண்டவாளம் போட்டு நிறுத்தினார்கள். ஒவ்வொரு பாகத்துக்கும் பெயர் எழுதி ஒட்டியிருந்தார்கள்.

அப்பா ஓய்வு பெற்ற வருஷம் ஆயுத பூஜைக்கு எங்களை அங்கே கூட்டிப்போனார். சந்தனமும் குங்குமமும் வாழைக்கன்றும் கொண்டுபோனோம். அப்பா எஞ்சினின் நெற்றி முழுக்கச் சந்தனம் பூசினார். அம்மா, "ஏனுங்க, ஊட்டுச் சாமிக்கு ஒரு பொட்டுதான் வெச்சீங்க" என்றார். "சாமி சம்பளம் குடுத்துச்சா?" என்று அப்பா திருப்பிக் கேட்டார். அக்கா குழந்தை டிரைவர் இருக்கையில் உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேனென்று அழுதது.

எஞ்சின் பக்கத்தில் ஒரு பலகை வைத்திருந்தார்கள். எந்த ஆண்டு பணிக்கு வந்தது, எந்தப் பாதையில் ஓடியது, எத்தனை தூரம் ஓடியது, எப்போது ஓய்வு பெற்றது என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அப்பா என்னைப் படித்துச் சொல்லச் சொன்னார். படித்துத் தமிழில் சொன்னேன்.

"ஓடுனதெல்லாம் எழுதியிருக்குது" என்றார் அப்பா. "நின்னத எழுதல."

எந்த நிறுத்தத்தைச் சொல்கிறார் என்று எனக்கு அப்போது தெரியாது. ஸ்டேஷன்களைச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் குனிந்து, சக்கரத்தின் முன்னாலிருந்த மணல் குழாயின் வாயில் விரலை விட்டுப் பார்த்தார். வண்ணத்தால் அடைபட்டிருந்தது.

அடுத்த மழைக்காலத்தில் அப்பாவுக்கு மூச்சுத் திணறல் தொடங்கியது. கரி எஞ்சின் காலத்தில் உள்ளே போன தூசு என்று டாக்டர்கள் சொன்னார்கள். கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் இருபது நாள் வைத்திருந்தோம். கடைசி வாரம் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டோம். படுத்த இடத்திலிருந்தே சத்தத்தை வைத்து எந்த வண்டி போகிறது என்று சொல்வார். இறப்பதற்கு முந்தின நாள் மாலை பாசஞ்சர் ஹாரன் கேட்டபோது அம்மாவிடம், "எங்கண்ணன் வந்தானா?" என்று கேட்டார். வருவார் என்று அம்மா சொன்னார். விடியும்போது அப்பா போய்விட்டார். அம்மா சொன்னது பொய்யாகிவிட்டது என்பதுதான் இந்த ஒரு வருஷமும் அவருக்குள்ள பெரிய துயரம்.

போன மாதம் வருஷத் திதிக்கு அழைக்க நான் தோட்டத்துக்குப் போனேன். பெரியப்பா கட்டிலில் உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்தார். உண்ணியேட்டன் சொன்னதையெல்லாம் சொன்னேன். வண்டி நின்றது அவருக்குத் தெரியாது, தெரிந்தால் மனம் மாறும் என்று நினைத்துத்தான் போயிருந்தேன். அவர் உரிப்பதை நிறுத்தாமலே கேட்டார்.

"நின்னது எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச? அந்த மலையாளத்துப் பையன் மண்ணள்ளிப் போட்டதெல்லாம் பாத்துட்டுத்தான் நின்னேன். நின்னவன் எறங்குவான்னு பாத்தேன். எறங்கல. பாத்துட்டே போயிட்டான்."

"வண்டிய உட்டுட்டு எறங்கக் கூடாதுங்க பெரியப்பா. நீங்க ஒரு வார்த்த சொல்லுவீங்கன்னு அப்பா காத்துட்டு இருந்திருக்கறாருங்க."

"என்னன்னு சொல்றது?" குரல் உயர்ந்தது. "எளவு ஊட்டுல நின்னுட்டு வாடான்னு கூப்புடுவாங்களா? எவன் ஊட்டுல அப்படிக் கூப்புட்டிருக்கறான்? கூப்புட்டா அடுத்த எளவு உளுவும்னு சொல்லுவாங்க. என்ற தம்பிய நா எப்படிறா கூப்புடுவேன்?"

இதைப் படிக்கும் உறவினர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. துக்க வீட்டில் வருபவரை 'வாங்க' என்று நாம் சொல்வதில்லை. தம்பிக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று அண்ணன் வாயைத் திறக்காமல் நின்றிருக்கிறார். அண்ணன் வாயைத் திறப்பார் என்று தம்பி நின்றிருக்கிறார். அவர்களை அவ்வளவு நேரம் எதிரெதிரே நிறுத்தி வைத்தது நாற்பத்தேழின் மணல் குழாய். அந்த நேரமும் போதவில்லை.

"அப்பாவுக்கு மட்டும் ஏனுங்க வரல?" என்று கேட்டேன். நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது என்று பெரியம்மா கண்ணைக் காட்டினார்.

"அவன் என்ற ஆத்தாளுக்கு வந்திருந்தா நா அவனுக்கு வந்திருப்பேன்னு உக்காந்திருந்தேன்" என்றார் பெரியப்பா. மடியிலிருந்த கடலைத் தோலைத் தட்டிவிட்டு, "பஸ்ஸு ரெண்டு போச்சு. ரெண்டையும் பாத்துட்டுத்தான் இருந்தேன்" என்றார்.

இதையெல்லாம் மலரில் எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன். "எழுது. நானும் பாத்தேன்னு சேத்தி எழுது" என்றார். அவர் சொன்னபடி எழுதியிருக்கிறேன். திதிக்கு வருகிறேன் என்று சொல்லவில்லை. வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. அம்மா அவருக்கு வேட்டி எடுத்து வைத்திருக்கிறார்.

அப்பாவின் நோய்க் காலத்தில் உதவியவர்களுக்கு எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. ஆஸ்பத்திரியில் மாறி மாறிக் காவலிருந்த மாமாமார்கள், ரத்தம் கொடுத்த ஷெட் தொழிலாளர்கள், வேளை தவறாமல் கஞ்சி கொடுத்தனுப்பிய குவார்ட்டர்ஸ் தாய்மார்கள், விடுப்பெடுத்துக் கூடவே நின்ற உண்ணியேட்டன், எஞ்சின் அருகே அப்பாவின் படத்தை வைத்து மாலையிட அனுமதித்த பயிற்சிப் பள்ளியார் ஆகியோரை மறவோம். பெரியப்பாவுக்கும் நன்றி சொல்ல வேண்டும். கேட்டதற்கு மறைக்காமல் பதில் சொன்னார்.

நான் சைக்கிளை எடுத்தபோது கேட்வரை கூடவே நடந்து வந்தார். தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றவர், "அன்னைக்கு நிறுத்துனதுக்கு உங்கப்பனுக்கு எவ்வளவு புடிச்சாங்க?" என்று கேட்டார். மாதம் எட்டு ரூபாய், ஓய்வு பெறும்வரை ஆறு வருஷம் என்றேன். அவருக்குக் கணக்கு வரவில்லை. நானே கூட்டிச் சொன்னேன்.

ஐந்நூற்று எழுபத்தாறு ரூபாய்.